நடுப்பொந்தில் தெரிந்த கை

செத்துப்போன தபால்காரர் ஒருவர், தன் மனைவிக்கு வருகிற தபாலை இன்னமும் வழியிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறாராம். இதுதான் பேச்சு. முடிவெட்டுகிற கடையில் பிறந்து, மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பேச்சுக்குக் கையும் காலும் முளைத்துவிட்டன. மருந்துக்கடைக்காரர் தன் காதாலேயே அவருடைய சைக்கிள் மணியைக் கேட்டதாகச் சொன்னார். அவருக்கு ஒரு காது கேட்காது, அது வேறு விஷயம். இஸ்திரி போடுகிறவரின் மனைவி இன்னும் ஒரு படி மேலே போய், பிடுங்கின தபாலையெல்லாம் அவர் தபால் ஆபீஸ் கூரைக்குள் அடுக்கி வைத்திருக்கிறார், அதனால்தான் அந்தக் கூரை மழைக்கு ஒழுகுவதே இல்லை என்றாள். அந்தக் கூரை நன்றாகவே ஒழுகும். வாளி வைத்துப் பிடிக்கிறார்கள்.

நடந்ததை நடந்தபடி சொன்னால் ஆவியைவிடக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.

அந்த ஆபீஸில் தபால் பிரிக்கிறவளுக்கு வீச்சக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டின, ஒல்லியான பெண்பிள்ளை. இடது கையில் ஒரு கத்தைக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக உருவி எதிரே இருக்கும் பொந்துகளுக்குள் வீசுவாள். வைப்பது கிடையாது, வீச்சுதான். ஒன்றுகூட விளிம்பில் பட்டுக் கீழே விழாது. வீட்டிலும் அதே பழக்கம். கரண்டியை அடுப்படி ஆணிக்கு, துணியை அலமாரிக்கு, எல்லாம் நின்ற இடத்திலிருந்தே. தையல் மெஷின் ரிப்பேர் செய்கிற அவள் கணவர் அதிகம் பேசாதவர். வருஷத்துக்கு ஒரு தரம் வாய் திறந்தால், "என்னையும் ஒரு நாள் தூக்கி எங்கயாவது போட்டுடாதே, தாயே" என்பார்.

பொந்து என்றால், சுவர் மாதிரி நிற்கிற ஒரு மர அடுக்கு, அதில் கட்டம் கட்டமாகச் சின்ன அறைகள். ஒரு தபால்காரருக்கு ஒரு பொந்து. அவர் நடக்கிற தெருக்களின் கடிதமெல்லாம் அதற்குள் போகவேண்டும். பொந்துக்கு முன்பக்கமும் திறப்பு, பின்பக்கமும் திறப்பு. முன்பக்கம் ஜன்னல் வெளிச்சத்தில் வீச்சக்கா முக்காலி போட்டு உட்கார்ந்து வீசுவாள். பின்பக்கம் இருட்டுச் சந்து. அங்கே தபால்காரர்கள் வரிசையாக நின்று அவரவர் பொந்துக்குள் கைவிட்டு எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் நிற்கிறவர்கள், இவள் உட்கார்ந்திருப்பவள். ஆகவே இவளுக்கு அந்தப் பக்கத்து ஆட்களின் முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். கடிகாரம் கட்டின கை, நகம் கடித்த கை, மூக்குப்பொடி வாசம் அடிக்கிற கை. கையைப் பார்த்தே யார் வந்தார், யார் லீவு என்று சொல்லிவிடுவாள்.

நடுப்பொந்தில் வருகிற கைக்கு ஆள்காட்டி விரலில் சிவப்பு ரப்பர் உறை இருக்கும். காகிதம் வழுக்காமல் எண்ணுவதற்குப் போடுவது. நுனி தேய்ந்து வெளுத்திருக்கும். அது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

வேலைக்கு மனுப் போடச் சொல்லி அவளை இழுத்துக்கொண்டு வந்ததே அவர்தான். முதல் வருஷங்களில் பொந்து வழியாகவே பேச்சு நடக்கும். "என்ன, இன்னிக்கு இவ்ளோ கனம்?" என்று இருட்டிலிருந்து குரல் வரும். "ஏன், தொப்பை குறையட்டுமேன்னுதான்" என்று இவள் வெளிச்சத்திலிருந்து அனுப்புவாள்.

அப்புறம் அந்தக் குரல் நின்றுபோனது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அச்சாகி வந்ததும், அண்ணன் வீட்டுக்கு நேரில் போய்க் கொடுக்கவேண்டியதை, இவள் குறும்புக்கு முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டி, மறுநாள் காலையில் தன் கையாலேயே நடுப்பொந்துக்குள் வீசினாள். அண்ணன் வீடு அண்ணன் நடக்கிற தெருவிலேயே இருந்தது. தபால்காரனுக்குத் தபாலில் அழைப்பு, எடுத்துப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள். பொந்துக்குள் சிவப்பு விரல் வந்தது, பத்திரிகையை எடுத்தது, போயிற்று. சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் அண்ணி தெருவில் வழிமறித்துக் கேட்டாள்.

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் வீடு தேடிப் போய்க் குடுத்தியாம். கூடப்பிறந்தவனுக்கு மட்டும் ஸ்டாம்பா?"

"அண்ணி, அது விளையாட்டுக்கு..."

"எங்களுக்கு விளையாட்டு வராதும்மா."

கல்யாணத்துக்கு இருவரும் வரவில்லை. இவளும் வீம்பு பிடித்தவள், போய்க் காலில் விழவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், கைக்கெட்டும் தூரத்தில் அண்ணனும் தங்கையும், ஒரு வார்த்தை கிடையாது. இவள் வீசுவாள். சிவப்பு விரல் எடுக்கும். அவ்வளவுதான் சொந்தம்.

ஒரு நாள் காலையில் விரல் வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர் அப்படியே சரிந்துவிட்டாராம். வீச்சக்கா சாவு வீட்டுக்குப் போனாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருவிலேயே நின்றுவிட்டு வந்தாள். மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தபோது அவள் கை சொல்பேச்சுக் கேட்காமல் நடுப்பொந்துக்குள் வீசிக்கொண்டே இருந்தது. எடுக்க யாருமில்லாமல் கடிதங்கள் உள்ளே குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச நாளில் ஆபீஸில் தெருக்களை மாற்றிப் பிரித்தார்கள். அண்ணனுடைய தெருக்கள் நிதானம் என்று பட்டப்பெயர் உள்ள பழைய தபால்காரருக்கு. அவர் பொந்து மேல் வரிசை. காலியான நடுப்பொந்து, புதுக் காலனிக்குப் போகிற ஓர் இளம் தபால்காரருக்கு. எதிலும் அவசரம், டீயைக்கூட ஊதாமல் குடிக்கிறவர் என்பதால் அவருக்குப் பெயர் பறக்கும்படை. மற்றவர்கள் வீச்சு முடிந்தபிறகு எடுக்க வருவார்கள். இவர் அவள் வீசிக்கொண்டிருக்கும்போதே கைவிட்டு உருவ ஆரம்பித்துவிடுவார்.

அந்த வாரத்தில்தான் வீச்சக்காவுக்கு அது தெரிய ஆரம்பித்தது.

அண்ணன் போனதிலிருந்து அவள் நடுப்பொந்தை நேராகப் பார்ப்பதில்லை. கண் இடது கையில் இருக்கும் கடிதத்தில் மட்டும். ஆனால் ஓரக்கண்ணுக்குக் கட்டளை போட முடியுமா? அங்கே, இருட்டு வாயில், சிவப்பாக ஏதோ ஒன்று வந்து வந்து போயிற்று. நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தால் இருக்காது என்று ஒரு பயம். பார்த்தும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். இருந்தும், வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிற மாதிரி ஒரு நிம்மதியும் அதோடு சேர்ந்து வந்தது. வந்திருக்கிறார், எடுத்துக்கொள்கிறார். கை பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது.

தபால் பிரிக்கிறவர்கள் கடிதத்தைப் படிப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். படித்தால் அந்த வேலை ஓடாது. தெருப்பெயர் மீது கண் ஒரு தொடுதல், அதற்குள் கை போய்விடும். பெரிய கவரின் மடிப்புக்குள் சின்னக் கார்டு நுழைந்துகொண்டு வேறூருக்குப் போகும். மழைநாளில் இரண்டு கடிதம் பசையில் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் பயணம் போகும். இதெல்லாம் எல்லா ஆபீஸிலும் நடப்பது. தப்பான பொந்தில் விழுந்ததைத் தபால்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டால் அன்றைக்கே சரியாகிவிடும்.

பறக்கும்படை ஆரம்பத்தில் திருப்பித்தான் கொடுத்தார். "அக்கா, இது என் தெரு இல்லக்கா."

வீச்சக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ தொட்டில்ல கிடந்தப்பவே நான் இங்க வீசிக்கிட்டிருந்தவ. என் கை தப்பாது. உன் கண்ணைப் போய் டாக்டர்கிட்ட காட்டு."

சந்தெல்லாம் சிரித்தது. அதோடு அந்த மனிதர் திருப்பிக் கொடுப்பதையே விட்டுவிட்டார். தப்பாக வந்ததில் சிலதை, தன் காலனியில் அதே கதவிலக்கம் உள்ள வீட்டில் போட்டுவிட்டார். வேண்டுமானால் அவர்களே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. மிச்சத்தைக் காலனி முனையில் இருந்த தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டு சைக்கிளை மிதித்தார். பெட்டிக்குள் போனது சாயங்காலம் மறுபடி ஆபீஸுக்கு வரும். முத்திரை விழும். மறுநாள் காலையில் வீச்சக்காவின் இடது கைக்கு வந்து சேரும். ஓரக்கண்ணில் சிவப்பு அசையும். வலது கை மறுபடி நடுப்பொந்துக்கே வீசும். செக்குமாடு மாதிரி ஒரு சுற்று.

முத்திரை குத்துகிறவருக்கு டொக்கு என்று பெயர், அவர் கை எழுப்புகிற சத்தத்தை வைத்து. அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். நீளமான ஒரு கவர், ஓரத்தில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி பெயர் போட்டது, தினமும் அவர் மேஜைக்கு வந்தது. தினமும் குத்தினார். முகவரியைப் பார்த்தார். செத்துப்போன சகா வீட்டு முகவரி. எந்த மனிதனும் இந்த இடத்தில் எழுந்துபோய் மேலதிகாரியிடம் சொல்வான். டொக்கு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முத்திரை குத்திவிட்டு, போகிற வழியில் முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தார்.

"செத்தும் தன் வீட்டுத் தபாலை விடமாட்டேங்கறார்ப்பா. போகுது, மறுநாளே திரும்பி வருது. கவர் கறுத்துப்போச்சு."

நடுவில் பறக்கும்படை காய்ச்சலில் சில நாள் வரவில்லை. அந்த நாட்களில் எல்லாத் தெருவுக்கும் தபால் ஒழுங்காகப் போயிற்று. அண்ணி வீட்டுக்கும் ஏதோ இரண்டு கார்டு போயிற்று. ஆனால் அந்த நீளக் கவர் மட்டும் காலனி முனைப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, சாவி வைத்திருந்தவரும் அதே காய்ச்சலில் படுத்திருந்ததால். "பாத்தியா, ஆவியும் லீவு போட்டுடுச்சு" என்றார் டொக்கு.

ஒரு காலை அண்ணி ஆபீஸுக்கு வந்தாள். சுவரைத் தடவித் தடவி வந்தாள். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, இன்னொன்றில் பால் ஊற்றின மாதிரி வெளுப்பு. கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கத்தினாள்.

"எங்க அவ? ஆஸ்பத்திரிலேருந்து ஆபரேஷனுக்குத் தேதி போட்டுக் கடுதாசி அனுப்பிட்டோம்கறாங்க. பக்கத்து வீட்டுத் தம்பி போன வாரமே கேட்டுட்டு வந்துட்டான். தேதியை அவன்கிட்ட சொல்லமாட்டாங்களாம், கடுதாசியோட நான் போகணுமாம். தேதி தவறினா வரிசைக் கடைசிக்குப் போகணும். அதுக்குள்ள இந்தக் கண்ணும் அணைஞ்சிடும். எங்க என் கடுதாசி?"

வீச்சக்கா முக்காலியை விட்டு எழுந்து வந்தாள். "அண்ணி, என் கைக்கு வந்திருந்தா..."

"உன் கைக்கு வராம எந்தத் தபாலும் வெளிய போகாதுன்னு எனக்குத் தெரியாதா? அவர் போயும் உன் கோபம் தீரல. இப்ப என் கண்ணு வேணுமா உனக்கு?"

அண்ணி வந்த மாதிரியே தடவிக்கொண்டு போனாள்.

சூப்பர்வைசர் கோபக்காரர் இல்லை, ஆனால் புகாருக்குப் பயந்தவர். உடனே ஒரு யோசனை சொன்னார்: அண்ணன் தெருத் தபாலை வீச அவளுக்கு நடுப்பொந்துக்கே கை பழகிப்போயிருக்கிறது, ஆகவே அதைக் காலியாக விட்டுவிடுவோம், பறக்கும்படைக்குக் கீழ் வரிசை மூலைப் பொந்து. நல்ல யோசனைதான். மறுநாள் காலையில் வீச்சக்கா வீச உட்கார்ந்தாள். நடுப்பொந்து இருட்டாக, வெறுமையாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். பாதிக் கத்தை முடிவதற்குள் ஓரக்கண்ணில் சிவப்பு அசைந்தது. நடுவில் இல்லை. கீழே, மூலையில்.

அவள் கை சொல்பேச்சுக் கேட்காமல் மூலைக்கு வீசியது. வீசினது அண்ணன் தெருக் கடிதம்.

முக்காலி உருள எழுந்துவிட்டாள். டொக்கு மேஜைக்குப் பின்னாலிருந்து, "இடம் மாறினாலும் கூடவே வருதுடா சாமி" என்று முனகினார். வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். சுவரைத் தடவிக்கொண்டு போன அந்தக் கை நினைவுக்கு வந்தது. போகவில்லை.

"டொக்கு, வந்து என் முக்காலில உட்காரு."

"நானா? ஐயோ, எனக்கு வீசத் தெரியாதுக்கா."

"உட்காரச் சொன்னேன், வீசச் சொல்லல."

அவள் அடுக்கைச் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்குள் போனாள். வேலை நேரத்தில் இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் போனதில்லை. அது தபால்காரர்களின் ராஜ்யம். அவர்கள் வழிவிட்டு நின்றார்கள். நடுப்பொந்துக்கு முன்னால் வந்து, அண்ணன் தினமும் நின்ற இடத்தில் நின்று, குனிந்து உள்ளே பார்த்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் டொக்குவின் முகம் சட்டம் போட்ட படம் மாதிரி முழுசாகத் தெரிந்தது. நெற்றி வியர்வை, மூக்கோரத்து மரு, உதட்டில் ஒட்டின டீ ஆடை, எல்லாம். யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் அவர் மூக்கைக் குடைந்துகொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற நிதானம் மெதுவாகச் சொன்னார். "உன் அண்ணனும் இப்படித்தான்மா குனிவார். நாங்கல்லாம் கையை விட்டுத் துழாவி எடுத்துக்குவோம். அவர் மட்டும் தினம் குனிஞ்சு, கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் எடுப்பார். உள்ள ஏதாவது மிச்சம் கிடக்கான்னு பாக்குறார்னு கேலி பண்ணுவோம்."

வீச்சக்கா குனிந்தபடியே இருந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை, ஒருவரைத் தவிர. பறக்கும்படைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "அக்கா, கொஞ்சம் நகருங்கக்கா" என்று அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் மூலைப் பொந்துக்குள் கையை விட்டார். ஆள்காட்டி விரலில் சிவப்பு உறை. நுனி வெளுத்தது.

அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கை சூடாக இருந்தது, நாடி ஓடியது. "இது உனக்கு எங்க கிடைச்சுது?"

"நடுப்பொந்துக்குள்ளதான்க்கா, மூலைல கிடந்துச்சு. யாரோ விட்டுட்டுப் போனதுன்னு நினைச்சேன். நல்லா பிடிக்குது, அதான்... வேணாம்னா கழட்டிடறேன்க்கா."

"தப்பா வந்த தபாலை என்ன பண்றே?"

அப்புறம் காலனிப் பெட்டி விஷயம் வெளியே வந்தது. "உங்ககிட்ட திருப்பிக் குடுக்க பயமா இருந்துச்சுக்கா."

அவர் கையிலிருந்த கட்டை வாங்கி அவிழ்த்தாள். உள்ளே இருந்தது. முத்திரை மேல் முத்திரை விழுந்து, ஸ்டாம்பு தெரியாமல் கறுத்துப்போன நீளக் கவர். பொந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த டொக்கு "அதேதான்! அதேதான்!" என்று முக்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஒட்டின கவரைத் திறக்க அவளுக்கு அதிகாரமில்லை. தேதி முடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமலேயே அதைக் கையில் பிடித்துக்கொண்டு, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, தெருவில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அண்ணி கதவைத் திறந்தாள். காலடிச் சத்தத்திலேயே யார் என்று தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. ஆனால் நேற்றைய கோபத்தைக் காணோம். நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "நீயே பிரிச்சுப் படி" என்றாள்.

வீச்சக்கா பிரித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, வேலையில் படிக்காததையெல்லாம் சேர்த்துப் படித்தாள். "நாளைக்குக் காலைல, அண்ணி. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அங்க இருக்கணும். இன்னிக்கு மத்தியான பஸ்ஸைப் பிடிச்சா போயிடலாம். நானும் வரேன்."

"நான் வரல."

"என்ன அண்ணி?"

"பக்கத்து வீட்டுல எல்லாம் சொன்னாங்க. உன்னைத் திட்டிட்டு வந்துட்டேன், மனசுல வச்சுக்காத. உன் தப்பு இல்ல. அவர்தான் தடுத்து வச்சிருக்கார். கத்தி வைக்கறதுன்னாலே அவருக்கு ஆகாது. உயிரோட இருக்கும்போதே வேணாம்னுதான் சொன்னார். நான் அங்க போனா திரும்பி வரமாட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தனை தரம் தடுத்திருக்காருன்னா சும்மாவா? கண்ணு போனா போகுது. அவர் பேச்சை மீறமாட்டேன்."

சொல்லும்போது அண்ணியின் முகத்தில் ஒரு சாந்தம் இருந்தது. அவர் போனபிறகு அவள் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி. வீச்சக்காவுக்கு அந்தச் சாந்தம் தெரியும். ஓரக்கண்ணில் சிவப்பு அசைந்த காலைகளில் அவளுக்கும் அதேதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஊரே அவளை மன்னித்துவிட்டது, அண்ணியும் மன்னித்தாயிற்று, பழியைச் சுமக்க ஒரு செத்த ஆள் தயாராக இருக்கிறார். உறவும் ஒட்டிக்கொள்ளும். ஒரு கண்தான் போகும்.

அவள் கவரை மடித்து அண்ணியின் மடியில் வைத்தாள். இந்தத் தடவை வீசவில்லை.

"அண்ணி, நல்லா கேட்டுக்கோங்க. எங்க அண்ணன் எதையும் தடுக்கல. உயிரோட இருந்தப்ப ஒரு கார்டைக்கூட மறுநாளைக்குன்னு வச்சதில்ல அவர், செத்தப்புறமா வைக்கப்போறார்? ஆவியாம், மண்ணாங்கட்டியாம். அவரோட பழைய ரப்பர் உறையை இன்னொருத்தன் மாட்டிக்கிட்டிருந்தான். அதைப் பாத்துட்டு, தெருப்பேரைக்கூடப் படிக்காம, நான்தான் தினமும் அங்க வீசினேன். அவன் திருப்பிக் குடுக்க வந்தப்ப அசிங்கமா பேசித் துரத்தினதும் நான்தான். உங்க கடுதாசியைச் செத்தவர் எடுக்கல. உயிரோட இருக்கற நான்தான் தொலைச்சேன். திட்டணும்னா பஸ்ஸுல உட்கார்ந்து திட்டுங்க, எழுந்திரிங்க."